ஒன்பதரையா, பத்தரையா? ரொறன்ரோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு நேர வழிகாட்டி

யாழ்ப்பாணத்திலிருந்து ரொறன்ரோவுக்கு வந்து இறங்கிய முதல் கிழமையில் அநேகமாக எல்லோரும் ஒரு பிழை விடுவார்கள். வேலை தேடி அலைந்துவிட்டுப் பின்னேரம் நாலு மணிக்கு வீட்டுக்கு வருவார்கள். தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு வந்து அமர்ந்ததும் அம்மாவின் ஞாபகம் வரும். உடனே ஒரு கோல். அங்கே அப்போது இரவு ஒன்றரை மணி. அம்மா பதறியடித்து எழும்பி, "என்ன மோனை, என்ன நடந்தது?" என்று கேட்பார். நடுச்சாமத்தில் வெளிநாட்டிலிருந்து போன் அடித்தால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். "சும்மாதான் எடுத்தனான்" என்ற பதிலை அவர் நம்புவதற்கே ஐந்து நிமிடம் போகும்.

நானும் விட்ட பிழைதான் இது. போன் காட் சுரண்டி நம்பர் அடித்த காலத்தில் வந்தவன் நான். அந்த ஐந்து நிமிடத்துக்கும் காசு போனது. இப்போது வட்ஸ்அப்பில் காசு போகாது, நித்திரை மட்டும் போகும். அதனால் புதிதாக வருகிறவர்களுக்கு, குறிப்பாக ஸ்காபரோப் பக்கம் குடியேறுகிறவர்களுக்கு, இரண்டு ஊர் நேரத்தையும் எப்படிக் கையாள்வது என்று எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் இரண்டு எண்கள்

இலங்கை முழுவதற்கும் ஒரே நேரம். உலக நேரக் கணக்கின் தொடக்கமான கிரீனிச்சுக்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னே. வருடம் முழுவதும் அது மாறாது. மாறுவது ரொறன்ரோதான். வெயில் காலத்தில் ரொறன்ரோ கிரீனிச்சுக்கு நாலு மணித்தியாலம் பின்னே. பனிக்காலத்தில் ஐந்து மணித்தியாலம் பின்னே. ஆகவே யாழ்ப்பாணம் ரொறன்ரோவைவிட வெயில் காலத்தில் ஒன்பதரை மணித்தியாலமும் பனிக்காலத்தில் பத்தரை மணித்தியாலமும் முன்னே நிற்கும். குளிர் வந்தால் ஊர் இன்னும் ஒரு மணித்தியாலம் தூரமாகிவிடும் என்று நினைவில் வைத்துக்கொண்டால் எது எப்போது என்று குழம்பாது.

ஒன்பதரையைக் கூட்டிப் பார்ப்பது பலருக்குச் சிக்கல். அதைவிடச் சுலபமான வழி இருக்கிறது. இங்கே இரவு எட்டு மணி என்றால் அதைக் காலை எட்டாகத் திருப்புங்கள். வெயில் காலமென்றால் அதிலிருந்து இரண்டரை மணித்தியாலத்தைக் கழியுங்கள். விடிய ஐந்தரை. யாழ்ப்பாணத்தில் அடுத்த நாள் காலை ஐந்தரை மணி, அவ்வளவுதான். பனிக்காலமென்றால் இரண்டரைக்குப் பதிலாக ஒன்றரையைக் கழியுங்கள், ஆறரை வரும். ஊரிலிருந்து இங்கே கணக்குப் பார்க்கிறவர்கள் அதே மாதிரிக் காலையையும் இரவையும் மாற்றிவிட்டுக் கழிப்பதற்குப் பதில் கூட்ட வேண்டும். என் அம்மா எண்பது வயதில் இந்தக் கணக்கை என்னைவிட வேகமாகப் போடுவார்.

மணிக்கூடு மாறும் நாட்கள்: மார்ச் மாதத்து இரண்டாவது ஞாயிறு அதிகாலை இரண்டு மணிக்கு ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளுவார்கள். நவம்பர் மாதத்து முதல் ஞாயிறு அதே இரண்டு மணிக்குப் பின்னே இழுப்பார்கள். 2026 இல் மார்ச் 8, நவம்பர் 1. 2027 இல் மார்ச் 14, நவம்பர் 7. போன் தானாக மாறிக்கொள்ளும். அடுப்பில் இருக்கிற மணிக்கூடும் காரில் இருக்கிற பழைய மணிக்கூடும் மாறாது. மார்ச் மாதத்துத் திங்கட்கிழமை காலையில் வேலைக்குப் பிந்துகிறவர்கள் அநேகமாக அடுப்பைப் பார்த்து வெளிக்கிட்டவர்கள்.

நவம்பர் இரவில் வேலை செய்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அன்று ஒரு மணி இரண்டு தடவை வரும். எட்டு மணித்தியால இரவு வேலை ஒன்பது மணித்தியாலமாகிவிடும். அதற்குச் சம்பளம் எப்படிப் போடுகிறார்கள் என்று சம்பளச் சீட்டில் பாருங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு இருக்க வேண்டாம்.

இந்த மணிக்கூடு மாற்றும் பழக்கத்துக்கும் ஒன்ராறியோவுக்கும் பழைய சொந்தம் உண்டு. ஊர் முழுவதும் மணிக்கூட்டை முன்னே தள்ளிய முதல் இடம் இதே மாகாணத்தில் இருந்த போட் ஆதர். இப்போது அது தண்டர் பேயின் ஒரு பகுதி. 1908 ஜூலை 1 ஆம் திகதி அங்கே தொடங்கியது. மாற்றுவதை நிறுத்தி ஒரே நேரமாக வைப்பதற்கு 2020 இல் ஒன்ராறியோ சட்டமும் போட்டுவிட்டது. ஆனால் பக்கத்தில் இருக்கும் கியூபெக்கும் நியூயோர்க்கும் சேர்ந்து மாறினால்தான் அது நடைமுறைக்கு வரும்.

போனிலும் சுவரிலும்

போனின் உலக மணிக்கூட்டில் கொழும்பு என்று தேடிப் போட்டுவிடுங்கள். இதற்கு இரண்டு நிமிடம் போதும். அப்புறம் நாட்காட்டியில் ஊர் விடயம் எதையாவது பதியும்போது அது எந்த ஊர் நேரம் என்பதையும் சேர்த்துப் பதியுங்கள். "அண்ணாவின் வழக்கு, காலை 9" என்று மட்டும் போட்டால் போன் அதை ரொறன்ரோ ஒன்பது என்று எடுத்துக்கொள்ளும். இணையவழிக் கூட்ட அழைப்புகளில் 'ஈ.எஸ்.ரி.' என்று போட்டிருப்பார்கள். சரியாகப் பார்த்தால் அது பனிக்கால நேரம் மட்டும்தான். ஆனால் இங்கே ஜூலை மாதத்திலும் ஆட்கள் அப்படித்தான் எழுதுவார்கள். ரொறன்ரோவில் இப்போது ஓடுகிற நேரம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வயதானவர்களுக்குப் போனைவிடச் சுவர் மணிக்கூடுதான் நல்லது. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டு விறாந்தையில் இரண்டு மணிக்கூடு தொங்குகிறது. ஒன்றின் கீழே 'கனடா' என்று தம்பி எழுதி ஒட்டியிருக்கிறான். ஒவ்வொரு மார்ச்சிலும் நவம்பரிலும் அதை மாற்றச் சொல்லி நான்தான் ஞாபகப்படுத்த வேண்டும். ஒருமுறை அம்மா மறுத்துவிட்டார். "எங்கட மணிக்கூடு ஒழுங்காத்தான் ஓடுது. உங்கட நாடுதான் வருசத்தில ரெண்டு தரம் மனசு மாறுது" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை.

திகதியில்தான் மாட்டுப்படுவீர்கள்

மணியைப் பிழைவிட்டால் நித்திரைதான் கெடும். திகதியைப் பிழைவிட்டால் காசு போகும்.

வெயில் காலத்தில் ரொறன்ரோவில் மத்தியானம் இரண்டரை மணி ஆகும்போது யாழ்ப்பாணத்தில் அடுத்த நாள் பிறந்துவிடும். பனிக்காலத்தில் ஒன்றரை மணிக்கே பிறந்துவிடும். ஆகவே இங்கே மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அங்கே 'நாளைக்கு' என்று வைத்துக்கொள்ளுங்கள். தங்கச்சியின் பிறந்தநாள் 15 ஆம் திகதி என்றால், நீங்கள் 14 ஆம் திகதி இரவு ஒன்பது மணிக்கு வாழ்த்துச் சொல்ல வேண்டும். 15 ஆம் திகதி வேலையால் வந்து சாவகாசமாகச் சொன்னால் அங்கே கேக் முடிந்து அடுத்த நாள் விடியப் போகும்.

விமான ரிக்கெற்றில் இருக்கும் நேரங்கள் எல்லாம் அந்தந்த ஊர் நேரம். கட்டுநாயக்காவில் ஏறும் நேரம் இலங்கை நேரம், பியர்சனில் இறங்கும் நேரம் ரொறன்ரோ நேரம். பறந்தது எத்தனை மணித்தியாலம் என்று அவை இரண்டையும் கழித்துப் பார்த்தால் விடை பிழைக்கும். இதைவிட மோசமான குழி நள்ளிரவு கழிந்து புறப்படும் விமானம். 12 ஆம் திகதி 12.45 ஏ.எம். என்று போட்டிருந்தால் 11 ஆம் திகதி இரவு விமான நிலையத்தில் நிற்க வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து வான் பிடித்து ரோட்டால் போகிறவர் 11 ஆம் திகதி காலையிலேயே வெளிக்கிட வேண்டும். எங்கள் சித்தப்பா 12 ஆம் திகதி இரவு, முழுப் பெட்டிகளோடும் பனங்கட்டிக் குட்டானோடும் போய் நின்றார். விமானம் போய் ஒரு நாள். புது ரிக்கெற்றின் விலையை இப்போதும் குடும்பத்தில் யாரும் அவர் முன்னால் கதைப்பதில்லை.

சித்தப்பாவுக்கு ஆறுதலாக ஒரு கதை உண்டு. சான்ட்ஃபோர்ட் ஃபிளெமிங் என்ற கனடிய ரயில்பாதைப் பொறியியலாளர் 1876 இல் அயர்லாந்தில் ஒரு ரயிலைத் தவறவிட்டார். அட்டவணையில் காலைக்குப் பதிலாக மாலை என்று அச்சாகியிருந்ததாம். இரவு முழுவதும் நிலையத்தில் கிடந்தவர், உலகத்துக்கே ஒழுங்கான ஒரு நேர முறை வேண்டும் என்று யோசித்தார். 1879 இல் இதே ரொறன்ரோவில் கனடிய நிறுவகம் என்ற அறிஞர் சபையில் அந்த யோசனையை முன்வைத்தார். 1884 இல் வாஷிங்டனில் கூடிய மாநாடு கிரீனிச்சைத் தொடக்கக் கோடாக ஏற்றது. நாம் கூட்டிக் கழிக்கிற கணக்குக்கெல்லாம் தொடக்கம் இந்த ஊர்க்காரர் தவறவிட்ட ஒரு ரயில்.

அங்கே இப்போது என்ன நடக்கிறது

மணி தெரிந்தால் மட்டும் போதாது. அந்த மணிக்கு அங்கே ஆட்கள் என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்பதும் தெரிய வேண்டும். ஊரில் வளர்ந்தவர்களுக்குக் கூட இரண்டு வருடம் போனால் இது மறந்துவிடுகிறது.

யாழ்ப்பாணத்தில் நாள் வெள்ளாப்பில் தொடங்கும். ஐந்து மணிக்குக் கோயில் மணி, முற்றம் கூட்டுகிற சத்தம். ஏழரைக்குப் பள்ளிக்கூடம் தொடங்கும் என்பதால் ஆறு மணியிலிருந்து ஏழேகால் வரை பிள்ளைகள் உள்ள வீட்டில் யாரும் போனில் ஆறுதலாகக் கதைக்க மாட்டார்கள். எட்டு மணிக்குப் பிறகு அம்மாமார் கொஞ்சம் ஓய்வாக இருப்பார்கள். அல்லது திருநெல்வேலிச் சந்தைக்கு மரக்கறி வாங்கப் போயிருப்பார்கள். ஒன்றரை மணியளவில் பள்ளிக்கூடம் விடும். வெயில் கொளுத்தும். சாப்பாட்டுக்குப் பிறகு வயதானவர்கள் ஒரு கண் அயர்வார்கள். பின்னேரம் நாலு மணிக்குத் தேத்தண்ணி. பிள்ளைகள் ரியூசனுக்குச் சைக்கிளில் ஓடுவார்கள். ஆறு மணிக்கு விளக்கு வைக்கிற நேரம். ஒன்பது மணிக்கெல்லாம் ஒழுங்கை அடங்கிவிடும்.

ஸ்காபரோவில் நாளின் தொடக்கம் ஆளுக்காள் வேறு. தொழிற்சாலையில் காலை வேலைக்குப் போகிறவர் ஐந்து மணிக்கு இருட்டில் பஸ்ஸுக்கு நிற்பார். இரவு வேலை முடித்தவர் ஏழு மணிக்குத்தான் வீட்டுக்கு வருவார். ஒரே வீட்டில் கணவனும் மனைவியும் கதவடியில் மட்டும் சந்திக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. சனிக்கிழமை பிள்ளைகளின் தமிழ் வகுப்பு, நடன வகுப்பு. வெள்ளி இரவு ரேக்கவுட் கடையில் கொத்துரொட்டி, இடியப்பம். பனி கொட்டினால் எல்லாவற்றுக்கும் முன்னால் அரை மணித்தியாலம் எழும்பி வாசலில் பனி அள்ள வேண்டும்.

இந்த இரண்டு நாளையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் கதைக்க ஏற்ற இரண்டு இடைவெளிகள் கிடைக்கும். ஒன்று, இங்கே காலை ஏழிலிருந்து எட்டு வரை. வெயில் காலத்தில் அங்கே பின்னேரம் நாலரையிலிருந்து ஐந்தரை, பனிக்காலத்தில் ஐந்தரையிலிருந்து ஆறரை. இன்னொன்று, இங்கே இரவு பத்தரைக்குப் பிறகு. அங்கே காலை எட்டு, எட்டரை, பனிக்காலமென்றால் ஒன்பதைத் தாண்டும். இரண்டாவதில்தான் அம்மாவோடு நிறையக் கதைக்கலாம், ஆனால் அடுத்த நாள் வேலை இருக்கிறவருக்கு அது கூடாது. நான் காலை பஸ்ஸில் இருந்தபடி ஒரு பத்து நிமிடம் கதைப்பேன். நீண்ட கதையெல்லாம் சனி இரவுக்கு.

இங்கே பின்னேரம் இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரை மறந்தும் எடுக்க வேண்டாம். மனசு சரியில்லை என்றால் ஒரு குரல் பதிவு போட்டுவிடுங்கள். அம்மா எழும்பியதும் கேட்பார். பதிலுக்கு ஏழு நிமிட நீளத்தில் ஒன்று வரும். அதில் பின்னால் சேவல் கூவும். மாரி காலத்தில், அதாவது ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊரில் கரண்ட் போனால் வைஃபையும் போகும். கோல் போகவில்லை என்று உடனே கலங்க வேண்டாம். பக்கத்து வீட்டு நம்பர் ஒன்றையும் வைத்திருங்கள்.

நேரத்தை மதிப்பதில் இரண்டு ஊரும் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ரொறன்ரோவில் வைத்தியரைப் பார்க்கப் பதினைந்து நிமிடம் பிந்திப் போனால் வேறு நாள் வரச் சொல்லிவிடுவார்கள். ஆனால் இங்குள்ள நம்மவர் மண்டபக் கொண்டாட்டத்தில் அழைப்பிதழில் ஆறு மணி என்று இருந்தால் ஏழரைக்கு முன்னால் போகாதீர்கள். கதிரை அடுக்குகிறவர்களோடு நீங்களும் அடுக்க வேண்டி வரும். தமிழருக்கு நேரம் தெரியாது என்று இதை வைத்துச் சிரிப்பார்கள். அப்படியென்றால் நல்லூரைப் பார்த்ததில்லை என்று அர்த்தம். நல்லூர்க் கந்தசாமி கோயிலில் பூசைக்கு இத்தனை மணி என்றால் அத்தனை மணிதான். அமைச்சர் வந்தாலும் காத்திருக்க மாட்டார்கள். 25 நாள் திருவிழாவின் கொடியேற்றம் காலை பத்து மணிக்கு; இங்கே அப்போது நள்ளிரவு பன்னிரண்டரை. தேர் அன்று ஊரில் காலை ஏழு மணி என்றால் இங்கே முதல் நாள் இரவு ஒன்பதரை. ஸ்காபரோவில் பல வீடுகளில் இரவுச் சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே தேர் பார்க்கிறார்கள். மச்சச் சட்டியைத் திருவிழா முடியும் வரை மேலே ஏற்றிவிடுவார்கள் என்பதால் தட்டில் பிரச்சினை இல்லை.

ஊர்க் காரியம் பார்க்க வேண்டுமென்றால்

பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, கிராம சேவகரின் கடிதம் என்று ஏதாவது ஒன்று முதல் வருடத்திலேயே தேவைப்படும். பிரதேச செயலகமும் கச்சேரியும் (மாவட்டச் செயலகம்) காலை எட்டரையிலிருந்து பின்னேரம் நாலேகால் வரை. ரொறன்ரோவில் வெயில் காலத்தில் அது இரவு பதினொன்றிலிருந்து விடிய ஆறேமுக்கால் வரை. பனிக்காலத்தில் இரவு பத்து மணிக்கே தொடங்கிவிடும். நித்திரையைப் பார்த்தால் இந்த வேலைகளுக்கு நவம்பருக்குப் பிறகுதான் வசதி.

இங்கே ஒரு நுணுக்கம். ஊரின் திங்கள் காலை இங்கே ஞாயிறு இரவு. ஊரின் வெள்ளி காலை இங்கே வியாழன் இரவு. ஆகவே உங்கள் வாரம் ஞாயிறு இரவிலிருந்து வியாழன் இரவு வரை. வேலை முடிந்த களைப்பில் "வெள்ளி இரவு ஆறுதலாகக் கேட்போம்" என்று விட்டால் அங்கே சனிக்கிழமை, கந்தோர் பூட்டு. அதோடு பௌர்ணமி தினங்கள் எல்லாம் இலங்கையில் போயா விடுமுறை. மாதம் ஒன்று நிச்சயம். சித்திரைப் புத்தாண்டுக் கிழமையில் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். அங்கிருந்து இங்கே கேட்கிறவர்களுக்கு இதே கணக்கு மறுபக்கம்: இங்கத்தைய ஒன்பது முதல் ஐந்து வரையான அலுவலக நேரம் வெயில் காலத்தில் ஊரில் பின்னேரம் ஆறரையிலிருந்து இரவு இரண்டரை. ஆகவே ஊரில் இருக்கிற தம்பிக்கு இங்கே ஒரு கல்லூரியில் கதைக்க வேண்டுமென்றால் இரவு ஏழு, எட்டு மணிதான் வசதி.

லண்டன் மாமியையும் சேர்த்தால்

எங்கள் குடும்பங்களில் மூன்று முனைக் கோல் சாதாரணம். ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் வித்தியாசம் ஐந்து மணித்தியாலம். ஆனால் லண்டனில் மணிக்கூட்டை மார்ச் மாதத்துக் கடைசி ஞாயிறும் ஒக்ரோபர் மாதத்துக் கடைசி ஞாயிறும் மாற்றுவார்கள். ஆகவே மார்ச்சில் இரண்டு, மூன்று கிழமையும் ஒக்ரோபர் முடிவில் ஒரு கிழமையும் வித்தியாசம் நாலு மணித்தியாலமாகிவிடும். கல்யாணப் பேச்சு, காணிப் பிரிப்பு போன்ற விடயங்களை இந்தக் கிழமைகளில் வைக்காதீர்கள். ஒரு மாமி ஒரு மணித்தியாலம் முந்தி வந்து காத்திருந்தால் பேச்சு தொடங்குவதற்கு முன்னமே கோபம் தொடங்கிவிடும். மூவருக்கும் ஏற்ற நேரம் சனி அல்லது ஞாயிறு, இங்கே காலை எட்டரை, லண்டனில் பின்னேரம் ஒன்றரை. ஊரில் வெயில் காலமென்றால் ஆறு மணி, விளக்கு வைத்த கையோடு வருவார்கள்.

சூரியன் வேறு, திதி வேறு

கிரீனிச்சிலிருந்து கிழக்கே 80 பாகையில் யாழ்ப்பாணம். மேற்கே 79 பாகை தாண்டி ரொறன்ரோ. கிழக்கு மேற்காகப் பார்த்தால் கண்ணாடியில் பார்த்த மாதிரி. வடக்குத் தெற்குதான் எல்லாவற்றையும் மாற்றுகிறது. யாழ்ப்பாணத்தில் வருடம் முழுவதும் சூரியன் ஆறு மணியைச் சுற்றித்தான் எழும்பும், விழும். ரொறன்ரோவில் ஜூன் முடிவில் ஒன்பது மணிக்குத்தான் பொழுது படும். டிசம்பரில் நாலேமுக்கால் ஆவதற்குள் இருட்டிவிடும். விளக்கு வைக்கிற நேரம் எது என்று புதிதாக வந்தவர்கள் கேட்பார்கள். என் பாட்டில் நான் ஆறு மணிக்கே வைத்துவிடுகிறேன். வெளியே பிள்ளைகள் வெயிலில் பந்தடித்துக்கொண்டிருப்பார்கள்.

முதல் பனிக்காலத்தில் ஒரு விடயத்தில் கவனமாக இருங்கள். காலை இருட்டில் போய் பின்னேரம் இருட்டில் வருகிற வேலையென்றால் கிழமைக்கணக்கில் வெயிலே காணமாட்டீர்கள். மனம் சோரும், காரணம் தெரியாது. மத்தியான இடைவேளையில் பத்து நிமிடம் வெளியே நடவுங்கள். விட்டமின் டி எடுக்கலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள்.

ராகுகாலம் பார்க்கிறவர்கள் ஊர் நாட்காட்டியை அப்படியே பார்த்தால் சரிவராது. பகல் பொழுதை எட்டாகப் பிரித்து வருவது அது. வெள்ளிக்கிழமை நாலாவது பங்கு. ஊரில் பத்தரையிலிருந்து பன்னிரண்டு என்று எல்லோருக்கும் மனப்பாடம். ரொறன்ரோவில் ஜூன் மாதத்தில் பகல் பதினைந்தரை மணித்தியாலம் வரும் என்பதால் அதே பங்கு ஏறத்தாழ 11.25 இலிருந்து 1.20 வரை நீளும். டிசம்பரில் அது ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேல்தான். நம்புவதும் விடுவதும் உங்கள் பாடு. நம்பினால் கணக்கைச் சரியாகப் போடுங்கள்.

திதியும் அப்படித்தான். அமாவாசை பிறக்கிற கணம் உலகம் முழுவதற்கும் ஒன்று. அதை எந்தத் திகதியில் எழுதுகிறோம் என்பதுதான் மாறும். யாழ்ப்பாணத்தில் செவ்வாய் அதிகாலை மூன்று மணிக்குப் பிறந்தால் இங்கே அது திங்கள் பின்னேரம். அதனால்தான் விரத நாள் சிலவேளை ஊரில் ஒன்று, இங்கே ஒன்றாக வரும். அப்பாவின் திவசத்தை எந்த நாளில் செய்வது என்று ஊர்க் கலண்டரைப் பார்த்து முடிவெடுக்காமல், இங்குள்ள கோயில் ஐயரிடம் கேளுங்கள். தைப்பொங்கல் அன்று ஊரில் விடிய ஆறரைக்கு முற்றத்தில் பானை பொங்கும்போது ரொறன்ரோவில் முதல் நாள் இரவு எட்டு மணி. அதை வீடியோவில் பார்த்துவிட்டுப் படுத்து எழும்பினாலும் இங்கே சூரியன் வர எட்டு மணிக்குக் கிட்டவாகும்.

பழைய நேரம், புது நேரம்

இலங்கைக்கு இந்த மாற்றம் தெரியாதது அல்ல. 1996 இல் மின்சாரத் தட்டுப்பாட்டால் அரசாங்கம் மே மாதத்தில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. ஒக்ரோபரில் அரை மணித்தியாலம் திரும்ப இழுத்தது. அப்படியே பத்து வருடம் ஓடி, 2006 ஏப்ரலில் பழையபடி ஐந்தரைக்கு வந்தது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் அந்தப் புது நேரத்தை ஏற்கவில்லை. ஆகவே ஓமந்தைச் சோதனைச் சாவடியைத் தாண்டினால் மணிக்கூட்டில் அரை மணித்தியாலம் குறையும். "பழைய நேரமா, புது நேரமா?" என்று கேட்காமல் அந்தக் காலத்தில் யாரும் ஒரு சந்திப்பும் வைத்ததில்லை. அதனால் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட வன்னி ஆட்களுக்கு இந்தக் கட்டுரை தேவையே இல்லை.

கடைசியாக இரண்டு சிறு விடயங்கள்

ஊரிலிருந்து அம்மா, அப்பா வந்தால் முதல் கிழமை விடிய இரண்டு மணிக்கு எழும்பிக் குசினியில் பாத்திரம் உருட்டுவார்கள். திட்டாதீர்கள். பகலில் நித்திரைக்கு விடாமல் வெளியே வெளிச்சத்தில் கூட்டிக்கொண்டு போங்கள். ஒரு கிழமையில் பெரும்பாலும் சரியாகும். பிறஷர், சீனி மருந்து எடுக்கிறவர்கள் என்றால், வெளிக்கிட முன்னமே அந்த ஒன்பதரை மணித்தியாலத்துக்கு மாத்திரையை எப்படி நகர்த்துவது என்று அவர்களுடைய வைத்தியரிடம் கேட்டு எழுதி எடுத்துவரச் சொல்லுங்கள்.

மற்றது, சொல்ல விருப்பமில்லாதது. ஊரில் செத்த வீடு என்றால் அங்கே காலை பத்து மணிக்குக் கிரியை தொடங்கும்; இங்கே நள்ளிரவு. நேரலை இணைப்பு ஒன்று வட்ஸ்அப்பில் வரும். தனியாக இருந்து பார்க்காதீர்கள். பக்கத்தில் இருக்கிற சொந்தக்காரர் ஒருவரை, அல்லது கூட வேலை செய்கிற ஒருவரை எழுப்புங்கள். நடுச்சாமத்தில் ஆளை எழுப்பக்கூடாது என்று மேலே எழுதியது இதற்குப் பொருந்தாது. பெரியம்மாவின் செத்த வீட்டன்று இரவு ஒன்றேகாலுக்கு எங்கள் கட்டடத்து ஒன்பதாம் மாடி அண்ணா ஒருவர் சாரத்தோடும் ஒரு போத்தல் கோப்பியோடும் கீழே வந்தார். விடிய ஐந்து மணிக்கு அவருக்கு வேலை.